ஏறுகிறவனுக்கு எல்லாம் உண்டு, இறங்குகிறவனுக்கு?

ஆசிரியருக்கு,

கொழும்பு புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் கொஞ்ச நாளாகவே வாசகர் கடிதங்கள் வருகின்றன. கழிப்பறை, கடைகள், இருக்கை, கூரை என்று எல்லாரும் எழுதியாயிற்று. எல்லாம் சரிதான். ஆனால் எழுதிய அத்தனை பேரும் பஸ் ஏறப் போகிறவர்களாகவே நின்று எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்குகிறவனைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஹட்யாய் கோழிக்கடையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். வீடு வெள்ளவத்தையில். 11 வருடமாக 100 அல்லது 101 பஸ்ஸில் வந்து புறக்கோட்டையில் இறங்கி, பெஸ்டியன் மாவத்தைப் பக்கமாக நடந்து கடைக்குப் போகிறேன். இந்த 11 வருடத்தில் அந்த இடத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதே 2024 ஆகஸ்டில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மாதம், 33 வயதில், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக 18 நாள் மலேசியாவும் தெற்குத் தாய்லாந்துமாக பஸ்ஸிலேயே சுற்றினேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க யார் வீட்டில நிக்கப் போறாய்?" என்பதுதான். யார் வீட்டிலும் இல்லை, காசு கொடுத்து விடுதியில் தங்குவேன் என்றால் நம்பவில்லை. எங்கள் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் லண்டனோ டொராண்டோவோ, விமான நிலையத்தில் சித்தப்பா காரோடு நிற்பார், சித்தி சோறு கறி சமைத்து வைத்திருப்பார், அடுத்த நாள் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். யாருமே இல்லாத ஊரில் போய் இறங்குவது என்பது எங்கள் பழக்கத்தில் கிடையாது. நாட்டைவிட்டு ஓடியவர்கள் அப்படி இறங்கியிருக்கிறார்கள், அது வேறு கதை, அதை விளையாட்டாகச் சொல்லக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயணம் போகிறவர்கள் எல்லாரும் பார்த்த கோயில், கடற்கரை, சாப்பாடு பற்றிச் சொல்வார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய முதல் அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த 18 நாளில் மறக்காமல் இருப்பது அந்த அரை மணி நேரங்கள்தான். கால் மரத்துப் போயிருக்கும், மூத்திரம் முட்டும், போனில் சார்ஜ் இருக்காது, கையில் பெரிய நோட்டு மட்டும் இருக்கும், எந்தப் பக்கம் வடக்கு என்று தெரியாது. போதாததற்கு முதுகில் இருக்கும் பை நான் புதுசு, நான் புதுசு என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும். நாலு பேர் சுற்றி வளைத்து "டாக்ஸி? ஹோட்டல்?" என்பார்கள். அதில் ஒருவர் நல்லவராகவும் இருக்கலாம், ஆனால் எவர் என்று கண்டுபிடிக்கும் நிலைமையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒரு ஊரைப் பற்றி மனசில் விழும் முதல் அபிப்பிராயம் அப்போது விழுகிறது. பிறகு எத்தனை கோபுரம் பார்த்தாலும் அது லேசில் போகாது.

கோலாலம்பூரில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அங்கே முன்பு நகரத்துக்கு நடுவே புடுராயா என்று ஒரு பஸ் நிலையம், 1976இல் திறந்தது. எங்கள் புறக்கோட்டை மாதிரியே புகையும் நெரிசலும் கூவலும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். வருகிற ஆட்களை இழுத்துப் போய் டிக்கெட் தலையில் கட்டும் தரகர்களுக்கு மலாயில் 'உலாட் டிக்கெட்' என்று பெயராம். உலாட் என்றால் புழு. டிக்கெட் புழு! எங்கள் ஆட்களுக்கும் இப்படி ஒரு பெயர் வைக்காமல் விட்டோமே என்று இருந்தது. 2011இல் நகரத்துக்குத் தெற்கே பண்டார் தாசெக் செலாத்தானில் புது நிலையம் திறந்து, முதலில் தெற்கே போகும் பஸ்களை அங்கே மாற்றினார்கள். டி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ரயில் பாதைகளோடு ஒட்டியே கட்டியிருக்கிறார்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி நனையாமல் ரயிலேறலாம். எந்தக் கம்பனி பஸ்ஸுக்கும் எந்தக் கவுண்டரிலும் டிக்கெட் வாங்கலாம் என்பதால் புழுக்களுக்கு வேலை குறைவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. புறப்பாட்டுக்கு ஒரு தளம், வருகைக்கு வேறொரு தளம். வந்து இறங்குகிறவன் என்றொரு ஜாதி உலகத்தில் இருக்கிறது என்பதை யாரோ யோசித்து, அவனுக்கென்று ஒரு மாடி ஒதுக்கியிருக்கிறார்கள். நான் அங்கே நின்று அந்தப் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் இவன் தொலைந்துபோனான் என்று நினைத்திருப்பார்கள்.

மலேசியாவில் இன்னொரு வசதி, மலாய் மொழியை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் வாசிக்கலாம். 'கவுந்தர்', 'தெக்சி', 'பாஸ்' எல்லாம் உச்சரித்துப் பார்த்தால் விளங்கிவிடும். பிறகு ஒவ்வொரு தெருவிலும் 'கெடாய்' என்று எழுதியிருக்கும், அது எங்கள் கடைதான். கப்பலுக்கு 'காப்பால்'. நூற்றாண்டுகளுக்கு முன்னால் இதே மாதிரி எவனோ ஒரு தமிழன் மூட்டையோடு போய் இறங்கி, கடை போட்டு, சொல்லையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான். மலாக்காவில் பகல் நேரத்தில் இறங்கி, 17ஆம் இலக்க பஸ் பிடித்து, நேரே பழைய நகரத்துக்குப் போய்விட்டேன். 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. அதைக் காக்கிற மலாக்காச் செட்டிகள் தமிழ் வழி வந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய். அதைப் பற்றித் தனிக் கடிதம் எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

பட்டர்வொர்த்தில்தான் முதல் அடி. இரவு பஸ்ஸில் போனால் ஒரு நாள் விடுதிக் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. மிச்சம்தான், ஆனால் பஸ் அதிகாலை நாலரைக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது. பினாங்குத் தீவு கண்ணுக்கெதிரே விளக்குகளோடு தெரிகிறது, நடுவில் கடல், ஃபெரி விடிந்தால்தான். விடுதி ஜார்ஜ் டவுனில், அங்கேயும் பகல் இரண்டு மணிக்கு முன்னால் அறை தரமாட்டார்கள். இரவு பஸ்ஸில் போகும் எல்லாருக்கும் சொல்கிறேன், பஸ் எப்போது புறப்படுகிறது என்று பார்க்காதீர்கள், எப்போது இறக்கும் என்று பாருங்கள். விடிந்து இறக்கும் பஸ்ஸுக்கு இருபது ரிங்கிட் கூடக் கொடுக்கலாம்.

நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் விளக்கு எரிந்தது. போய் உட்கார்ந்து தே தாரிக், அதாவது அங்கத்தைய இழுத்து ஆற்றிய பால் தேநீர், கேட்டேன். நான் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, கல்லாவில் இருந்த பெரியவர் தமிழில், "பசியாறிட்டீங்களா?" என்றார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்வதில்லை, ஒரு நிமிடம் முழித்தேன். கொழும்பு என்றதும், "அட, சிலோன்காரரா! அந்தக் காலத்துல இங்க ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டர்லாம் உங்க ஆளுங்கதானே" என்றார். அது உண்மை. வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து போய் மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் இருந்தவர்கள் ஏராளம், என் பாட்டனாரின் தமையனும் அப்படிப் போனவர்தான். அந்தப் பெரியவர் ஒன்றும் பெரிய உதவி செய்யவில்லை. ஃபெரி எந்தப் பக்கம், இப்போது வெளியே நடக்காதீர்கள், பையை மேசைக்குக் கீழே வையுங்கள், போனை அங்கே சொருகிக் கொள்ளுங்கள். நாலே நாலு வாக்கியம். ஆனால் அந்த நாலு வாக்கியம்தான் ஒரு பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறவனுக்குத் தேவையான முழு அறிவும்.

விடிந்து ஃபெரியில் போனபோது கடற்காற்றில் ஜார்ஜ் டவுன் வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. இதை வர்ணிக்க ஆசைதான். உங்களுக்கு இடம் இல்லை, எனக்கு அந்த எழுத்தும் வராது.

அடுத்தது ஹட்யாய். அந்த வருடம் ஜூலையிலிருந்து எங்கள் கடவுச்சீட்டுக்குத் தாய்லாந்து போக விசா வேண்டியதில்லை என்று ஆகியிருந்தது, அந்தத் தைரியத்தில் பினாங்கிலிருந்து மினிவான் ஏறினேன். எல்லையைத் தாண்டியதும் நேரம் ஒரு மணி பின்னால் போனது, ஒரு மணி நேரம் இலாபம் என்று மகிழ்ந்தேன். அந்த இலாபத்தை ஹட்யாயில் மழையில் நின்றே செலவழித்தேன்.

வான்காரர் பஸ் நிலையத்துக்குப் போகவே இல்லை. நகரத்துக்குள் ஏதோ ஒரு தெருவில், ஒரு பயண முகவர் கடை வாசலில் நிறுத்தி, எல்லாரும் இறங்குங்கள் என்று கையைக் காட்டிவிட்டார். மற்றவர்களுக்குப் போகிற இடம் தெரிந்திருந்தது, ஐந்து நிமிடத்தில் நான் மட்டும். சுற்றிலும் பலகைகள், எல்லாம் தாய் எழுத்தில். தாய் எழுத்து கெமர் எழுத்தின் பிள்ளை, கெமர் எழுத்து எங்கள் பல்லவர்கள் எழுத்தின் பிள்ளை என்று எங்கோ படித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையால் ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதுகிற வழக்கமும் அவர்களுக்கு இல்லை, எங்கே ஒரு பெயர் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றே தெரியாது. வான் டிக்கெட்டில் வருடம் 2567 என்று போட்டிருந்தது. பௌத்த ஆண்டு என்பது புரிந்தது, ஆனால் எங்கள் நாட்டுக் கணக்கில் அது 2568 ஆயிற்றே என்று அந்த மழையிலும் ஒரு கணக்காளனுக்கு வர வேண்டிய சந்தேகம் வந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வருடம் வித்தியாசம், 2500ஐ நாங்கள் 1956இல் கொண்டாடினோம், அவர்கள் 1957இல்.

விடுதி விலாசம் என் போனில் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு சோங்தாவ் சாரதியிடம் காட்டினேன். சோங்தாவ் என்றால் பின்பக்கம் இரண்டு வாங்கு போட்ட சின்ன லொறி, அதுதான் அங்கே ஊர் பஸ். அவர் வாசித்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். இன்னொருவர் விரல்களால் ஒரு தொகை காட்டினார். நியாயமா அநியாயமா என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அந்தத் தூரத்தை நடந்தே அளந்தேன், அநியாயம்தான்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் ஒரு அக்கா கோழி பொரித்துக்கொண்டிருந்தார், முக்காடு போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் முஸ்லிம்கள் அதிகம். ஹட்யாய் கோழி தாய்லாந்து முழுக்கப் பெயர் போனது, மேலே மொறுமொறுவென்று பொரித்த சின்ன வெங்காயத்தைத் தூவி ஒட்டுச் சோற்றோடு தருவார்கள். பசியிலா பயத்திலா தெரியாது, போய் நின்றேன். அவர் என் பையைப் பார்த்தார், என் சட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார், கோழியைக் கொடுப்பதற்கு முன்னால் என் போனைக் கேட்டார். விடுதி எண்ணுக்குத் தானே அடித்துப் பேசினார். பிறகு ஒரு கடதாசிப் பையைக் கிழித்து அதில் தாய் எழுத்தில் ஏதோ எழுதி என் கையில் வைத்து, ஒரு சோங்தாவைக் கை தட்டி நிறுத்தி, சாரதியிடம் எதையோ கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பொதுச் சொல் ஒன்றுகூட இல்லை. சாரதி என்னை வாசலிலேயே இறக்கி, ஊர் ஆட்களிடம் வாங்குகிற காசையே வாங்கினார். அந்தக் கடதாசித் துண்டு எண்ணெய்க் கறையோடு இன்னும் என் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அடுத்து எந்த ஊருக்குப் போனாலும் புறப்படுவதற்கு முதல் நாளே விடுதிக்காரர்களைக் கொண்டு போகிற இடத்தின் விலாசத்தை அந்த ஊர் எழுத்தில் கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டேன். போனை நம்பாதீர்கள். போன் சாகும், கடதாசி சாகாது, கோழி எண்ணெய் பட்டாலும்.

இனி கொழும்பு.

திரும்பி வந்து முதல் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். பெஸ்டியன் மாவத்தையில் வெள்ளைக்கார இளம் சோடி ஒன்று, முதுகில் ஆளுயரப் பை, கையில் போன், முகத்தில் அப்படியே என் ஹட்யாய் முகம். இதே முகத்தை 11 வருடமாகத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. நேரமாகிவிட்டது என்று அன்றைக்கும் தாண்டித்தான் போனேன், மறைக்கவில்லை. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் ஒரு ஓட்டோக்காரர் இருவரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தபோது மூட்டை தூக்கும், தெரிந்த நாட்டாமை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அவர்கள் கேட்டது திருகோணமலை பஸ்ஸாம், நடந்தால் ஐந்து நிமிடம், ஓட்டோக்காரர் கோட்டை முழுக்கச் சுற்றிக் காட்டிக் கொண்டுபோய் விட்டாராம். எவ்வளவு வாங்கினார் என்பதையும் சொன்னார். எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எல்லா ஓட்டோக்காரரும் அப்படியில்லை, என் தாய்மாமனே ஓட்டோ ஓட்டுகிறவர், அவர் இந்தக் கடிதத்தை வாசிப்பார்.

ஆனால் அந்த ஓட்டோக்காரரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. புறக்கோட்டையில் ஒரு அந்நியன் எதைப் பார்த்துப் புரிந்துகொள்வான்? முதலில் பெயரே ஆறு. ஆங்கிலத்தில் பெட்டா, அது எங்கள் 'பேட்டை'யிலிருந்து போனது. சிங்களத்தில் பிட்டகொட்டுவ, தமிழில் புறக்கோட்டை. பஸ் கொண்டக்டர் கத்துவது "கொட்டுவ, கொட்டுவ!" அதுவே ஆங்கிலத்தில் ஃபோர்ட், தமிழில் கோட்டை. கோட்டை ரயில் நிலையம் என்று பெயர், அது இருப்பது கோட்டையில் இல்லை, புறக்கோட்டையில். வாசலில் ஒல்கொட் சிலை நிற்கிறது, தெருவுக்கும் ஒல்கொட் மாவத்தை என்று பெயர். அப்புறம் பஸ் நிலையம் ஒன்றா? மூன்று. அரசாங்கத்து இ.போ.ச. பஸ்களுக்கு 1964இலிருந்து இருக்கும் மத்திய நிலையம், தனியாருக்குப் பெஸ்டியன் மாவத்தை, அந்தப் பக்கம் குணசிங்கபுர. எந்த ஊருக்கு எது என்பது எங்களுக்கே பழக்கத்தில் தெரிந்ததுதான், எங்கேயும் எழுதி ஒட்டிப் பார்த்ததில்லை. விமான நிலையத்திலிருந்து 187இல் வந்து இறங்குகிற ஒருவனுக்கு 87 என்றால் யாழ்ப்பாணம், 49 என்றால் திருகோணமலை, 1 என்றால் கண்டி என்று யார் சொல்வார்?

வருடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் பாருங்கள். 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், எல்லா அடியும் பட்டு எழும்பி 2024இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டினோம். அவர்களில் காரும் வழிகாட்டியும் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் பலர் ஒரு தடவையாவது புறக்கோட்டையில் வந்து விழுவார்கள்.

வெள்ளைக்காரருக்காக மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் மட்டக்களப்பிலிருந்து என் பெரியம்மா கண் கிளினிக்குக்காக வந்தார். 67 வயது. இரவு பஸ், அதிகாலை நாலு மணி. நான் ஐந்து மணிக்கு வருகிறேன், நிலையத்துக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லியிருந்தேன். பஸ் நிலையத்துக்குள் போகவில்லை. முன்னாலேயே வீதியோரத்தில் நிறுத்தி, "பஹின்ன, பஹின்ன" என்று இறக்கிவிட்டார்கள். பெரியம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கண்ணும் சரியில்லை, அதற்காகத்தானே வந்தார். பூட்டிய கடை வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நான் மூன்று நிலையத்திலும் தேடிவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தேன். "எனக்கு ஒண்டும் இல்ல மகன், நீ சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். ஹட்யாயில் எனக்கு வெறும் சாகசம், விரும்பிப் போனது, திரும்பி வந்து கதை சொல்லலாம். தன் சொந்த நாட்டின் தலைநகரத்தில் பெரியம்மா என்ன கதை சொல்வது? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. அந்த எழுத்து ஒல்கொட் மாவத்தை வரைக்கும் நடந்து வர இன்னும் எத்தனை வருடம் எடுக்கும்?

மத்திய பஸ் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை 2025 ஆகஸ்டில் தொடங்கியது. நல்ல விஷயம், 60 வருடத்துக்கு மேலான கட்டடம், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது ஏறுகிறவனுக்கான கட்டடமாகவே இருந்துவிடுமோ என்பதுதான் என் பயம். நான் கேட்பது டி.பி.எஸ். மாதிரி மாடி இல்லை. பஸ் உண்மையிலேயே ஆட்களை இறக்குகிற இடத்தில், அது நிலையத்துக்கு வெளியே வீதியோரமாக இருந்தால் அந்த வீதியோரத்திலேயே, ஒரு பெரிய பலகை வேண்டும். நீங்கள் நிற்பது இங்கே, ரயில் நிலையம் அந்தப் பக்கம், நடந்தால் இத்தனை நிமிடம், மூன்று நிலையமும் இன்னின்ன திசையில், எந்த இலக்கம் எங்கிருந்து புறப்படும், இவ்வளவும் மூன்று மொழியிலும். எழுத்து பெரியம்மாவின் கண்ணுக்கும் தெரிகிற அளவில். பக்கத்திலேயே ஓட்டோவுக்கு கிலோமீட்டருக்கு நியாயமாக எவ்வளவு என்று எழுதினால் நேர்மையான சாரதிக்கும் நல்லது, பேரம் பேசிப் பேசி அவருக்கும் தொண்டை வலிக்கிறது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற எண் இருக்கிறது, மூன்று மொழியிலும் பதில் சொல்வார்கள். ஆனால் அப்படியொரு எண் இருப்பதே வந்து இறங்குகிறவனுக்குத் தெரியாதே, அதையும் அந்தப் பலகையில் போடலாம்.

ஆள் ஒருவரும் வேண்டும். பகல் பத்து மணிக்கு மேசை நாற்காலியோடு உட்காருகிற உத்தியோகத்தர் அல்ல. தூர இடத்து பஸ்கள் வந்து இறக்குகிற அதிகாலை மூன்றரையிலிருந்து ஆறு மணி வரைக்கும், வெளிச்சமான ஒரு கூண்டில், தமிழும் தெரிந்த ஒருவர். பட்டர்வொர்த் பெரியவர் மாதிரி நாலு வாக்கியம் சொன்னால் போதும். அதற்குப் பெரிய சம்பளம் ஒன்றும் ஆகாது, அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் தூங்கப் போகட்டும்.

பலகை எழுதும்போது ஒரு வேண்டுகோள், தமிழ் வரியைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். கொழும்பில் அரச பலகைகளில் வருகிற தமிழைப் பார்த்து எத்தனை நாள் சிரிப்பது? கால் முறிந்த எழுத்து, கொம்பு மாறின எழுத்து, சில இடத்தில் அர்த்தமே தலைகீழ். காட்ட ஆள் இல்லாவிட்டால் நான் இருக்கிறேன். தினமும் காலை எட்டேகாலுக்கு அந்த வழியாகத்தான் நடக்கிறேன், காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தால் போதும்.

அடுத்த மாதம் 9ஆம் திகதி பெரியம்மாவுக்கு மறுபடி கிளினிக், அதே இரவு பஸ்தான். இந்தத் தடவை நான் மூன்றரைக்கே போய், எந்த வாசலில் இறக்கினாலும் தெரிகிற மாதிரி நிலையத்துக்கு வெளியே வீதியில் நிற்கப் போகிறேன். அந்த நேரத்தில் முதுகில் பையோடு வேறு யாராவது முழித்துக்கொண்டு நின்றால், பெரியம்மா வந்து சேரும்வரை அவர்களுக்கும் வழி சொல்லலாம்.

இப்படிக்கு,
வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.